மத்தாப்புக் கூழும் மாப்பிள்ளையின் இடது காலும்

டாக்டர் யோகேஸ்வரியைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஆமத்தூர் வழியாக ஓடிய பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐம்பது பேர் கொள்ளும் வண்டியில் நூற்றைம்பது பேரை ஏற்றிப் பழகியவனுக்குக் கதையை மட்டும் அளவாக ஏற்றத் தெரியுமா? ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கழித்தது போக மிஞ்சுவதே, ஊரில் உள்ள மற்ற டாக்டர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுக்கப் போதும்.

அவர் கையில் வந்து மாட்டியவர் என் மாப்பிள்ளை சீனிச்சாமி. தங்கை செல்வலட்சுமியின் வீட்டுக்காரர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். பட்டாசுக்குள் அடைக்கும் வெடிக்கலவையை எங்கள் பக்கம் மருந்து என்போம். அந்த மருந்து கலக்கும் அறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வந்த நாளிலிருந்து அங்கே ஒரு தீப்பொறிகூட அவரிடம் அனுமதி வாங்காமல் எழுந்ததில்லை.

அறை வாசலில் மண்ணுக்குள் இறக்கிய செம்புத் தகடு ஒன்று இருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கிப் போவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். செருப்பு ஆகாது, செல்போன் ஆகாது, ஓடக்கூடாது, எதையும் தரையில் இழுக்கக்கூடாது. ஒரு கலவை தானாகச் சூடேறுகிறது என்று தெரிந்துவிட்டால் தொடாமல், அசைக்காமல், மூச்சுக் காற்றைக்கூட அடக்கிக்கொண்டு பின்வாங்கி வெளியே வந்துவிட வேண்டும். மாப்பிள்ளைக்கு வேதம், புராணம் எல்லாம் இதுதான். வீட்டில் தங்கை கடுகு தாளித்தால்கூட அவர் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வார்.

2006ஆம் வருஷம், தீபாவளி சீசன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். வடக்கே போகும் லோடை அனுப்பிவிட்டு, விருதுநகருக்கு வந்து எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டார். எத்தனை என்று கேட்காதீர்கள். கல்லில் எண்ணெய் வற்றிப்போய் கடைக்காரர் டின்னைத் தேடினார். அன்றைக்குச் சாயங்காலமே மேல்வயிற்றில் வலி பிடித்தது. பிடித்த வலி முதுகைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தது. மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் ஒரு அடி எழும்பி இறங்கியது. இதைப் படித்தால் தங்கை முறைப்பாள். அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் டாக்டர் யோகேஸ்வரி. பருப்பு மண்டிக்காரர் வீட்டுப் பெண். கடைவீதியில் வளர்ந்தவர் ஆகையால் தன்னைவிட மூத்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவருக்கு அண்ணாச்சிதான். ஆள் குள்ளம். நடைதான் எக்ஸ்பிரஸ். அவர் வார்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே சோம்பிக் கிடக்கும் காற்றாடிகள் எல்லாம் விறைப்பாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்து விளக்கமாகவே சொன்னார்.

“பித்தப்பையில இருந்த கல்லு ஒண்ணு உருண்டு வந்து வழிய அடைச்சிருக்கு அண்ணாச்சி. அதுல கணையம் வெந்து போயிருக்கு. சோறு செரிக்கிறதுக்குச் சுரக்கிற நீரு இப்ப கணையத்தையே அரிக்குது.”

“உள்ள சூடா இருக்காம்மா?” என்றார் மாப்பிள்ளை.

“நெருப்பா இருக்குன்னு வச்சுக்கோங்க.”

டாக்டர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. ஆனால் யாரிடம் சொல்கிறார்! மாப்பிள்ளை கண்ணை மூடினார். கைகளை இரண்டு பக்கமும் ஒட்ட வைத்தார். கால்களை நீட்டினார். அவ்வளவுதான். மருந்து அறையில் கலவை சூடேறிவிட்டது, இனி யாரும் அசைக்கக்கூடாது.

மாப்பிள்ளை தான் மட்டும் அசையாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பட்டாசு வேலைக்காரர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா இராக்காயி அதே கம்பெனியில் கம்பி மத்தாப்புக் கொட்டகையில் வேலை செய்பவர். அவர் தலைமையில் அந்த அறை மருந்து அறையாகிவிட்டது. செருப்பை வராந்தாவில் கழற்றினார்கள். செல்போனை அணைத்து நர்சம்மா மேசையில் வைத்தார்கள். தகடு இல்லாத குறைக்கு ஜன்னல் கம்பி ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் கட்டில் பக்கம் வந்தார்கள். ஆரஞ்சுப்பழப் பையைக்கூடத் தரையில் உரசாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்கள். ஒரு தடவை மாப்பிள்ளை தும்மப் போனார். கூடியிருந்த கூட்டம் மொத்தமும் இரண்டு அடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டியது. தும்மல் வரவில்லை. அவர் அதையும் அடக்கிவிட்டார்.

நான் பழக்கதோஷத்தில் செருப்போடு நுழைந்துவிட்டேன்.

“கண்டக்டரே! ஒம்ம பஸ்ஸுன்னு நெனச்சீராக்கும்? வெளிய கழத்திட்டு வாரும்!” என்றார் இராக்காயி.

“மதினி, இது ஆஸ்பத்திரி.”

“உள்ள கெடக்கது என் தம்பி. தம்பிக்குள்ள கெடக்கது நெருப்பு. கழத்தும்.”

கழற்றினேன். கம்பியையும் தொட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்து மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஏன் இப்படி மரக்கட்டையாட்டம் கிடக்கீங்க? இந்த நோயில வயிறு மட்டும் கெடுறதில்ல. உள்ள இருக்கிற வேக்காட்டுல ரத்தத்துக்குச் சீக்கிரம் உறையிற குணம் வந்துரும். ரத்தக்குழாய்ல இருக்க வேண்டிய தண்ணி வயித்துக்குள்ள கசிஞ்சு, ரத்தம் கெட்டியாகும். நீங்க வேற அசையாமப் படுத்துக்கிட்டீங்க. எல்லாம் சேந்தா ரத்தம் கட்டியாயிரும். கணுக்கால மடக்கி நீட்டணும். வலி கொறைய எந்திரிச்சு உக்காரணும். உறையாம இருக்க ஒரு சின்ன ஊசியும் போடணும்.”

மாப்பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “ஊசி எங்கன?”

“வயித்துல.”

“எந்த வயித்துல?”

“உங்களுக்கு எத்தன வயிறு அண்ணாச்சி?”

“நெருப்பா இருக்குன்னு நீங்கதானம்மா சொன்னீக? நெருப்புக்குள்ள இரும்பக் குத்துவீகளா?”

“உள்ள எங்க போகுது? தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்போட சரி. வேணாம்னா தொடையில போடுறேன்.”

“தொட வழியா வயித்துக்குப் போகாதாக்கும்?” என்று இராக்காயி இடையில் விழுந்தார்.

தங்கை செல்வலட்சுமி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். கண் மட்டும் புருஷன் முகத்திலேயே இருந்தது. மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, ரத்தத்த ஒறைய விடாமப் பண்ணிட்டா, உள்ள புண்ணுல இருந்து ரத்தம் நிக்காம வழியாதா?”

இங்கேதான் அந்த டாக்டர் என்னை முதல் தடவையாக விழ வைத்தார். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று பூசி மெழுகவில்லை. “நல்ல கேள்விக்கா. சில பேருக்கு வழியலாம். அதனாலதான் ஸ்கேன்ல உள்ள ரத்தக்கசிவு இல்லேன்னு பாத்துக்கிட்டு, சின்ன அளவாப் போடச் சொல்றேன். கணையத்துக்குப் பின்னாலயே ஈரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஓடுது. அதுவே சமயத்துல உறைஞ்சிரும். இவருக்கு இப்போதைக்கு அது நல்லாருக்கு. நல்லா இருக்கும்போதே காப்பாத்திக்கணும்” என்றார்.

எத்தனை அழகான பதில்! கல் கரைந்திருக்கும். மாப்பிள்ளை கரையவில்லை. திறந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

டாக்டர் போனதும் நான் என் பாணியில் முயற்சி செய்தேன். “மாப்ளே, படிக்கட்டுல நாலு பேரு வழிமறிச்சு நின்னான்னு வைங்க, உள்ள எம்புட்டு எடம் கெடந்தாலும் ஒரு ஆளு ஏற முடியாது. ரத்தமும் அப்பிடித்தான். ‘உள்ள போ, உள்ள போ’ன்னு வெரட்டிக்கிட்டே இருக்கணும். ஊசி போட்டுக்கோங்க.”

“மச்சான்,” என்றார், உதடு மட்டும் அசைய. “ஒங்க பஸ்ஸு ஆமத்தூர் வெலக்குல எத்தன தடவ கவுந்துச்சு?”

“அது… ஒரு தடவ.”

“என் ரூம்பு ஒரு தடவகூட வெடிக்கல. நான் யாரு பேச்சக் கேக்கணும்?”

அந்த ஒரு தடவையும் பஸ் கவிழவில்லை, வாய்க்காலில் சாய்ந்து நின்றது. அதை எடுத்துச் சொல்ல எனக்கு அவகாசம் தரவில்லை.

அதற்குப்பிறகு தினமும் ஒரு நாடகம் நடந்தது. டாக்டரின் நடைச்சத்தம் வராந்தாவில் கேட்டதும் மாப்பிள்ளை கால் பெருவிரல்களை மட்டும் இரண்டு ஆட்டு ஆட்டுவார். “ஆட்டிக்கிட்டேதான் இருக்கேம்மா” என்பார். டாக்டர் நம்பின மாதிரி தலையை அசைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுப்பார். போர்வையை விலக்கி இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்பார். தொடாதே, அசைக்காதே என்று நாங்களெல்லாம் காவல் காத்த அந்தக் கட்டிலில், போர்வையைத் தூக்கிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

“கால்சட்ட தைக்கப் போறீகளாம்மா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“துணி கொடுத்தாத் தைக்கிறேன். பேசாமக் கிடங்க.”

வலி கொஞ்சம் தணிந்து, கஞ்சித்தண்ணீர் குடிக்கலாம் என்ற நிலைமை வந்தபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கலவை ஆறிவிட்டது என்று இராக்காயி அறிவித்தார். அன்றைக்குக் காலையில் டாக்டர் டேப்பைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. மாப்பிள்ளையின் இடது கணுக்காலில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு உண்டு. எப்போதும் தளர்வாகக் கிடந்து சலங்கை மாதிரி ஆடும் கயிறு, சதைக்குள் புதைந்து கிடந்தது.

“இது எப்ப இருந்துக்கா?”

தங்கைக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை முனகினார். “ரெண்டு நாளாக் கெண்டக்காலு கனக்குது. பாட்டில் பாட்டிலா தண்ணி ஏத்துறீகல்ல, அது எறங்கியிருக்கும்.”

“தண்ணி எறங்கினா ரெண்டு காலுக்கும்ல எறங்கணும் அண்ணாச்சி? இடது காலுக்கு மட்டும் என்ன தனி ஆர்டரா?”

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்க் காலில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நினைத்தபடியே இருந்தது. இடது காலின் ஆழமான ரத்தக்குழாயில், முழங்காலுக்கு மேல் வரை ரத்தம் உறைந்திருந்தது. திரும்பி வந்து எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இந்தக் கட்டியில ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மேல போச்சுன்னா, நெஞ்சு வழியா நுரையீரல்ல போய் அடைச்சிரும். அப்படி அடைச்சா உயிருக்கே ஆபத்து. இனிமே சின்ன ஊசி இல்ல, முழு அளவு. இன்னிக்கே ஆரம்பிக்கணும்.”

தங்கை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் யாரும் சொல்லாமலேயே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

இனியாவது மனிதர் வழிக்கு வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். மாப்பிள்ளையோ முன்பு மரக்கட்டையாகக் கிடந்தவர், இப்போது கல்லாகிவிட்டார். பெருவிரலை ஆட்டும் நாடகமும் நின்றது. கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் உருட்டிச் சொன்னார். “பாத்தீகளா? நான் சொன்னது சரியாப்போச்சு. உள்ள ஒண்ணு பிச்சுக்கிட்டு வரக் காத்திருக்கு. இப்ப ஆட்டுனா அம்புட்டுத்தான். யாரும் கிட்ட வரப்படாது. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

டாக்டர் படம் வரைந்து காட்டினார். மாப்பிள்ளை பார்க்கவில்லை. டாக்டர் கெஞ்சினார், அதட்டினார். கடைசியில், “உங்களுக்கு உசுரு வேணாமா அண்ணாச்சி? அந்தக்கா மூஞ்சியப் பாருங்க!” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லையாம். வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த பூனை அன்றைக்கே சூலக்கரைக்குக் குடிபெயர்ந்ததாகக் கேள்வி.

தங்கை கட்டிலருகே உட்கார்ந்தாள். “ஏங்க, எனக்காகப் போட்டுக்கக்கூடாதா?” என்றாள். மாப்பிள்ளையின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. “ஒனக்காகத்தான் தாயி அசையாமக் கெடக்கேன்” என்றார்.

பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தது அதுதான். மனிதர் தன் அளவில் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரிந்த ஒரே வழியில்.

சிறிது நேரத்தில் டாக்டர் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றார். இராக்காயி அப்போதுதான் காபி வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல ஜன்னல் கம்பியைத் தொட்டார். டாக்டர் அந்தக் கம்பியையே பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி,” என்று என்னிடம் கேட்டார். “இந்த ஜன்னல்ல எல்லாக் கம்பியும் துருப்பிடிச்சுக் கிடக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படி வெள்ளியாட்டம் மின்னுது?”

வேண்டுதல் என்று ஒரு கதையை அவிழ்த்துவிட வாய் துடித்தது. அதற்குள் தங்கை உண்மையைச் சொல்லிவிட்டாள். செம்புத் தகடு, செருப்பு, சூடேறிய கலவை, ஒன்று விடாமல்.

டாக்டர் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், என் தங்கையின் தாலியோடு சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. வராந்தாவுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். செல்போனை அணைத்து நர்சம்மா மேசையில் வைத்தார். திரும்பி வந்து அந்தக் கம்பியை முழுக் கையாலும் பிடித்துவிட்டு, கட்டிலுக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

“இப்ப நான் உள்ள வரலாமா அண்ணாச்சி?”

மாப்பிள்ளை இரண்டு கண்ணையும் திறந்தார். ஃபோர்மேன் பார்வை. தலையிலிருந்து வெறுங்கால் வரை பார்த்தார். “வாங்கம்மா” என்றார்.

“எனக்கு உங்க வேல தெரியாது. கேட்டா சொல்லுவீங்களா? சூடேறுனா அசைக்கக்கூடாதுங்கிறது காஞ்ச மருந்தா, ஈர மருந்தா?”

“காஞ்சது. தூளு. உரசுனாலே பத்திக்கிரும்.”

“ஈரமா ஒண்ணுமே கிடையாதா உங்க கம்பெனில?”

“ஏன் கெடையாது? கம்பி மத்தாப்பு இருக்குல்ல?” மாப்பிள்ளையின் குரலில் உயிர் வந்தது. “அதுக்கு மருந்தப் பசையோட கரச்சுக் கூழாக்கணும். கம்பியச் சட்டத்துல சொருகி, கூழுல முக்கி முக்கி எடுத்துக் காயவைக்கணும்.”

“அந்தக் கூழையும் அசைக்காமதான வச்சிருப்பீங்க?”

“அதெப்புடிம்மா? கிண்டிக்கிட்டே இருக்கணும்! கை நின்னா கனமானது அம்புட்டும் அடியில தங்கிரும். கட்டி கட்டியா எறுகிப்போகும். அப்புறம் முக்குனா கம்பியில ஒரு பக்கம் கட்டியும் ஒரு பக்கம் மொட்டையுமா…”

“ஆங்!” என்றார் இராக்காயி. கையில் இருந்த காபி தளும்பியது. “அதுக்குத்தான என்னைய அந்த ஏச்சு ஏசுனே! ஒரு வெத்தல மடிக்கக் கைய எடுத்ததுக்கு, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, ‘கூழு ஒறஞ்சு போகுது, ஒன் கையி என்ன செத்தா போச்சு’ன்னு கேட்டியா இல்லியாலே?”

“அக்கா, அது வேலைல…”

“வேலையாம்ல வேல! அதுக்கப்புறம் மூணு நாளு ஒன் மூஞ்சில முழிக்கல நானு!”

டாக்டர் இருவரையும் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, ஃபோர்மேன் நீங்கதான். நீங்களே சொல்லுங்க. ரத்தம் தூளா, கூழா?”

மேலே காற்றாடிகூட நின்று கேட்டது. மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“கூழுதான்” என்றார்.

பெரிய ஃபோர்மேன் இல்லையா, அத்தோடு விடவில்லை. “ஆனா அம்மா, இப்பவே ஒறஞ்சு போச்சே. ஒறஞ்சதக் கிண்டுனா ஒடஞ்சு பிச்சுக்கிட்டுப் போகாதா?”

“கேக்க வேண்டிய கேள்விதான். அதுக்குத்தான் மொதல்ல ஊசி. ஊசி கட்டிய ஒடைக்காது. புதுசா உறைய விடாது, இருக்கிறத வளர விடாது. கட்டி அங்கனயே சுவத்தோட ஒட்டி அடங்கும். உடம்பு அத மெல்ல மெல்லக் கரைச்சுக்கும். ஊசி வேல செய்ய ஆரம்பிச்ச பெறகுதான் உங்கள நடக்கச் சொல்லுவேன்.”

“ஆபத்து இல்லைல்ல?”

“இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஊசியில ரத்தம் கசியிற ஆபத்து கொஞ்சம் இருக்கு, அத நான் தெனமும் பாத்துக்கிருவேன். ஊசி இல்லாமப் படுத்துக் கிடந்தா அதவிடப் பெரிய ஆபத்து. அத என்னால பாத்துக்க முடியாது.”

மாப்பிள்ளை தன் இடது காலைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். “செல்வி, ஆபத்தே இல்லேன்னு சொல்ற ஆள நான் என் ரூம்புக்குள்ளயே விட மாட்டேன். இந்தம்மா வெவரமான ஆளு.” டாக்டரைப் பார்த்து, “குத்துங்கம்மா” என்றார்.

ஊசி இறங்கும்போது இராக்காயி உட்பட நாங்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்றோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப்பிறகு மனிதர் மாறிய மாற்றம் இருக்கிறதே! நர்சம்மா ஊசியைக் கொண்டுவந்தால், “கையி கழுவியாச்சா? தேதி பாத்தீகளா? தட்டத் தரையில வைக்காதீக” என்று மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்குப் போனபிறகும் சில நாள் ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை, அதற்கு அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் சொன்னதும், ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டார். தொப்புளைவிட்டு விலகி, தோலைக் கிள்ளிப் பிடித்து, ஒரு நடுக்கமில்லாமல் இறக்கி, அமுக்கித் தேய்க்காமல் எடுத்துவிடுவார். மற்ற நோயாளிகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மதுரையிலிருந்து பெரிய டாக்டர்கள் பஸ் பிடித்து வந்ததாக நான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதியைக் கழித்தால் யாரும் வரவில்லை.

தையல்காரர் டேப் நாளுக்கு நாள் இளகிக்கொடுத்தது. கணுக்கால் கயிறு சதையிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தது. ஒருநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், டாக்டர் வாசலில் வந்து நின்றார். வெறுங்காலோடு. அந்த அறைக்குள் வரும்போது மட்டும் அவர் அதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, எந்திரிங்க. வராந்தா கடைசி ஜன்னல் வரைக்கும் போறோம்.”

மாப்பிள்ளை தரையில் கால் வைத்தார். வலது கால். பிறகு, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, இடது கால். ஒரு பக்கம் தங்கை பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் டாக்டர். செய்தி எப்படிப் பரவியதோ, கம்பெனி ஆட்கள் பாதிப்பேர் வராந்தாவில் நின்றார்கள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும், புது வெடியைத் திரி கொளுத்திச் சோதிக்கும்போது விலகுவார்களே, அப்படி இரண்டு பக்கமும் சுவரோடு சாய்ந்து வழிவிட்டார்கள். சில பேர் காதைப் பொத்திக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை வாசலில் நின்றுவிட்டார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அடுத்த அடி வரவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

என்னிடம் ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு சாமான் உண்டு. சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். விசில். ஊதினேன். “ரைட்! ரைட் போலாம் மாப்ளே! படியில நிக்காம உள்ள போங்க!”

நர்சம்மா பல்லைக் கடித்தார். டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார், சிரித்த சிரிப்பில் கால் தானாக எடுத்து வைத்துவிட்டது. ஓர் அடி. இன்னோர் அடி. கணுக்கால் கயிறு ஆடியது. வராந்தாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கடைசி ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார். கம்பியைத் தொட்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார்; அந்த மூச்சு எங்கேயும் தடைபடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“வெடிக்கல மச்சான்” என்றார்.

வராந்தாவில் எழுந்த கைதட்டல் சாத்தூர் வரைக்கும் கேட்டது. இதில் மட்டும் ஒரு பைசா கழிக்க விடமாட்டேன். தங்கை அழுதுகொண்டே டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல், “அக்கா… அக்கா…” என்று நெளிந்தார். நோயை மடக்கத் தெரிந்த அந்தக் குள்ளப் பெண்ணுக்கு நன்றியை வாங்கிக்கொள்ள மட்டும் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கோ கூட்டத்தைப் பார்த்ததும் குஷி வந்துவிட்டது. ஜன்னலில் சாய்ந்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, “விசயம் என்னான்னா, ரத்தங்கிறது ஒரு கூழு. அத எப்பிடிப் பக்குவமா…” என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். டாக்டர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இராக்காயியின் குரல் வந்தது.

“நின்னு பேசாதலே சீனி! கிண்டு!”